கம்பு உன்னிடம், துணி என்னிடம்

ஸ்டிராட்டன் குளம், வெர்மான்ட்
12 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

டோரீன்,

இதைக் கொண்டுவருகிறவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். இந்த மலைப் பாதையில்தான் நடப்பவர்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாதே, இவருக்கு 'விசில்' என்று பெயர். ஒரு நாளில் இருபது மைல் நடக்கிறாராம். நாளை மதியத்துக்குள் உன்னைப் பிடித்துவிடுவதாகச் சொல்கிறார். இன்று காலை நீ கிளம்பிப் போன வேகத்தை அவர் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கூடாரத்தின் கம்பு, முளை, கயிறு, தரைத்துணி எல்லாம் உன் பையில் இருக்கின்றன. உள்கூடாரமும் மேல்துணியும் என் பையில் இருக்கின்றன. புறப்படுவதற்கு முந்தின வாரம் சமையலறை மேசையில் தராசை வைத்துப் பங்கு பிரித்தோம். உனக்கு இரண்டு பவுண்டு ஒரு அவுன்ஸ், எனக்கு இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ். அந்த அதிகப்படி இரண்டு அவுன்ஸை நானே சுமக்கிறேன் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு பிரிந்து போகிறவர்களுக்கு இந்தப் பங்கீடு உதவாது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இங்கே நடப்பவர்கள் தங்கும் குடிலில் இடமில்லை. பாஸ்டனிலிருந்து ஒரு தேவாலயப் பாடகர் குழு வந்திருக்கிறது, பதினோரு பேர். எல்லோருக்கும் நல்ல நுரையீரல். நான் வெளியே, விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் மேல் துணியைப் போர்த்தி அதற்கடியில் படுத்துக்கொள்ளப் போகிறேன்.

நியாயமாகப் பார்த்தால் நீதான் நின்று எனக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் எழுதிய நாலு வரிக்காகப் பாதிக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது யாருக்கும் அழகல்ல. கம்பு இல்லாமல் துணி வெறும் துணிதான். துணி இல்லாமல் கம்பை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்பது எனக்குப் புரியவில்லை.

ஆரின்

பி.கு. விசிலின் சுமையைக் குறைப்பதற்காகக் காகிதத்தின் ஓரங்களை வெட்டியிருக்கிறேன்.


மான்செஸ்டர்
14 ஆகஸ்ட்

ஆரின்,

துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழைக்கோட்டு மட்டும்தான் போட்டிருக்கிறேன், அதற்குள் ஒன்றுமில்லை. ஏனென்றால் என்னிடம் இருக்கும் ஒரே சட்டையும் ஒரே கால்சட்டையும் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது சட்டை ஏழு அவுன்ஸ் என்று சொல்லி அதை அலமாரியில் திரும்ப வைத்த மகானை நினைத்துக்கொண்டேன். எதிரே ஒரு கிழவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் படிக்கிறார். நல்ல மனிதர்.

'நோட்டில் எழுதிய நாலு வரி' என்கிறாய். அது நாலு வரி அல்ல, ஒரு முழுப் பக்கம். கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி எடுக்கத்தான் உன் பையைத் திறந்தேன். இரண்டு பட்டியல்கள் இருந்தன. இடது பக்கம் 'இருவர்'. வலது பக்கம் 'ஒருவர்'. ஒருவருக்கான கூடாரம் இரண்டு பவுண்டு பதினாலு அவுன்ஸ், சின்ன அடுப்பு, ஒரு கரண்டி, காப்பித்தூள் ஒன்பது அவுன்ஸ், ஒரு போர்வை. மொத்தம் இருபத்து நாலு பவுண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். அந்தக் கோட்டை நீ எப்போது போடுவாய் என்று எனக்குத் தெரியும். பசு நல்லபடியாகக் கன்று போட்டால் போடுவாய்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். காலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும் பால் கறக்க வேண்டும் என்பதால் ஒரு ராத்திரிகூட நாம் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே தங்கியதில்லை. என் தங்கை ராபர்ட்டாவின் கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே கிளம்பி வந்தவர்கள் நாம். இந்த மார்ச்சில் மாடுகளை விற்றாயிற்று, இனி தெற்கு எல்லையிலிருந்து கனடா எல்லைவரை இருநூற்று எழுபது மைலும் நடக்கலாம் என்றாய். அன்றைக்கு நான் தொழுவத்தில் நின்று அழுதேன். நீ அது மாடுகளுக்காக என்று நினைத்துக்கொண்டாய்.

அந்தப் பயணத்தை நீ தனியாகவும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். கேட்டதற்கு "அது சும்மா" என்றாய். சும்மா இருக்கிற விஷயத்துக்கு நீ தராசை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

கம்பை வைத்து என்ன செய்வேன் என்று கேட்டிருந்தாய். நேற்றுக் குடிலில் உணவுப் பையை எலி தொடாமல் இரண்டு கம்பை உத்தரத்தில் செருகித் தொங்கவிட்டேன். மற்றொன்று மழையில் ஆறு தாண்டும்போது ஆழம் பார்க்க உதவியது. கம்புகள் என்னோடு சௌக்கியமாக இருக்கின்றன. திரும்பி வருவதாக இல்லை.

டோரீன்

இதைத் தெற்கே நடக்கும் ஒரு பாதிரியார் கொண்டுவருகிறார். பெயர் 'ஊறுகாய்'. எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் முழுதும் தெரிந்த முகம்.


டான்பிக்குத் தெற்கே எங்கோ
17 ஆகஸ்ட்

டோரீன்,

ஊறுகாய் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு எனக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றார்.

நம் விவகாரம் பாதை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குடிலிலும் வந்துபோகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார்களே, நேற்று அதைத் திறந்தேன். வானிலை, தண்ணீர், கரடி பற்றி எழுத வேண்டிய இடத்தில் நாலு பக்கத்துக்கு நம்மைப் பற்றி விவாதம். உனக்குக் 'கம்புக்காரம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் 'துணி'. வெறும் 'துணி'. இருபத்தாறு வருடம் நூற்றுநாற்பது பசுக்களை வைத்துப் பண்ணை நடத்தியவனுக்கு இது வேண்டுமா? கம்புக் கட்சியில் பதினேழு பேர், துணிக் கட்சியில் மூன்று பேர். அந்த மூன்றில் ஒன்று என் கையெழுத்து.

நான் இரண்டு மரங்களுக்கு நடுவே என் காலணிக் கயிற்றைக் கட்டி, அதன் மேல் துணியைப் போட்டு, ஓரங்களில் கல் வைத்துப் படுக்கிறேன். முதல் இரவு நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் காற்றடித்ததில் காலையில் கண் விழித்தபோது துணி என் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியில் சுற்றிய சீஸ் மாதிரி கிடந்தேன். அந்த வழியாக வந்த ஒரு தம்பதி நான் செத்துவிட்டதாக நினைத்து ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள். நான் "குட் மார்னிங்" என்றதும் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

'ஒருவர்' பட்டியலைப் பற்றி: மனிதன் பல விதமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பான். பட்டியல் போட்டால் அதன்படி செய்யப் போகிறான் என்று அர்த்தம் இல்லை. போன குளிர்காலத்தில் தொழுவத்தின் கூரையைப் பச்சை நிறத்தில் பூசுவதற்கும் ஒரு பட்டியல் போட்டேன், பூசினேனா?

கில்லிங்டன் கணவாயில் நில். இரண்டு நாளில் வந்துவிடுவேன். மூன்று நாள் என்று வைத்துக்கொள். இறக்கங்களில் கொஞ்சம் நிதானமாக வருகிறேன், சேறு.

ஆரின்


கில்லிங்டன்
20 ஆகஸ்ட்

ஆரின்,

நிற்கவில்லை. ஒரு நாள் விடுதியில் குளித்துவிட்டு, அங்கிருந்த மலையேறும் சாமான் கடைக்குப் போனேன். எனக்கென்று ஒரு கூடாரம் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், நீ சிரிப்பாய். நானும் அங்கேயே கொஞ்சம் சிரித்தேன், ஆனால் அது வேறு சிரிப்பு.

கடைக்காரர் தாடி வைத்த சின்ன உருவம். தரையில் ஆறு கூடாரம் நிறுத்தி வைத்திருந்தார்.

"யாருக்கும்மா டென்ட்? ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குன்னு அட்டையில போட்டிருக்கீங்களே, அது எந்த ரெண்டு பேரு?"

"நல்லா ஒத்துப்போற ரெண்டு பேரும்மா. அதுலயும் ஒருத்தர் புரண்டா மத்தவரும் புரளணும்."

"கல்யாணம் ஆனவங்களுக்கு?"

"அவங்களுக்கு மூணு பேர் டென்ட் காட்டறது வழக்கம்."

ஒருவர் கூடாரத்துக்குள் என்னைப் படுக்கச் சொன்னார். கால் பக்கமாக நுழைய வேண்டும். படுத்தேன். மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம். உன் பட்டியலில் இருந்ததுதான் அது, இரண்டு பவுண்டு பதினாலு அவுன்ஸ், கைக்குழந்தை மாதிரி எடையே தெரியாது.

"இதுக்குள்ள சட்டை மாத்தறது எப்படி?" என்று உள்ளே இருந்தே கேட்டேன்.

"யாரும் மாத்தறதில்லம்மா. அதான் ஆளுக்கு ஒரு சட்டைதானே வெச்சிருக்காங்க."

பிறகு அவர் இரண்டாவது தடவையாகக் கேட்டார்: "சொல்லுங்கம்மா, ஒருத்தருக்கா ரெண்டு பேருக்கா?" கூரையைப் பார்த்தபடி படுத்தே கிடந்தேன். பின்னால் இரண்டு பேர் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் எழுந்து, ஒரு ஜோடி காலுறை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே அவர் கேட்டதற்கு நீதான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். வடக்கே ஜான்சனில் கடைசிக் கடை இருக்கிறது. செப்டம்பர் நாலாம் தேதி வாக்கில் அங்கே போய்ச் சேருவேன். அதற்குள் அந்த 'ஒருவர்' பட்டியல் எதற்கு என்று எனக்கு எழுது. சுற்றி வளைக்காமல் எழுது. நீ என்னை விட்டுவிட்டு வர நினைத்திருந்தால், அதையும் எழுது. தாங்கிக்கொள்வேன். பதில் வராவிட்டால் ஒருவர் கூடாரத்தை வாங்கிக்கொண்டு கனடா எல்லைவரை போவேன். அங்கிருந்து நேரே பர்லிங்டனுக்கு, ராபர்ட்டா வீட்டுக்குப் போவேன். அவளிடம் ஒரு காலி அறை இருக்கிறது. அதில் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்காது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆரின்.

டோரீன்


மிடில்பரி கணவாய்
25 ஆகஸ்ட்

டோரீன்,

கடையில் வாங்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று. அவசரப்பட்டுக் கூடாரம் வாங்கக் கூடாது. நான் இதுபற்றி மார்ச் முதல் படித்து வருகிறேன் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அட்டையில் போட்டிருக்கும் எடையை நம்பாதே. அதில் முளையும் கயிறும் பையும் சேர்ந்திருக்காது. கடையிலேயே தராசு கேள். இல்லை என்றால் தபால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார், கண்ணியமான தபால்காரர் மறுக்கமாட்டார். இரண்டாவது, ஒற்றைத் துணிக் கூடாரம் எடை குறைவுதான், ஆனால் நீ விடும் மூச்சே விடியற்காலையில் துளித்துளியாக உன் மேல் விழும். நீ உறக்கத்தில் நிறைய மூச்சு விடுகிறவள். குறட்டை என்று சொல்லவில்லை. இரட்டைத் துணியே எடு. மூன்றாவது, வாசல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கால்பக்கம் இருந்தால் மழையில் நுழையும்போது தண்ணீரையும் கூடவே அழைத்துப் போவாய். நாலாவது, தரைத்துணியின் ஓரம் நாலு விரல் உயரமாவது மேலே மடிந்து வர வேண்டும். முளைகளில் ஆறு போதும், எட்டு கொடுப்பார்கள், இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நிறம் பச்சை வேண்டாம், பனிமூட்டத்தில் யாருக்கும் தெரியாது. மஞ்சள் எடு. ஏதாவது ஆனால் தேடி வருகிறவர்களுக்குச் சௌகரியம்.

தோள்பட்டையில் நீ பையை இடது பக்கம் இறக்கி மாட்டுகிறாய். அது தவறு. கூடாரத்தை முதுகை ஒட்டி, நடுவில் வை.

ரொம்ப நீளமாகிவிட்டது. இதைக் கொண்டுவரும் பெண்மணி தீயணைப்புப் படையில் வேலை பார்க்கிறார், தாளைக் கையில் நிறுத்துப் பார்க்கிறார்.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன். சில விஷயங்கள் எழுத்தில் சரியாக வருவதில்லை.

ஆரின்


ஜோன்ஸ்வில் தபால் அலுவலகம்
29 ஆகஸ்ட்

ஆரின்,

நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ எனக்குக் கூடாரம் வாங்கும் பாடம் நடத்தியிருக்கிறாய். மூன்று பக்கம். இரண்டு புறமும்.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். தெற்கேயிருந்து திரும்பி வந்த ஒரு பெண் உன்னைப் பார்த்தாளாம். "உங்க வீட்டுக்காரர்தானே துணி? அவரு மலையிலேருந்து பின்பக்கமா இறங்கறாரும்மா. ஏணியில இறங்கற மாதிரி, ஒவ்வொரு கல்லா. நான் கை குடுக்கட்டுமான்னு கேட்டேன், இது ஒரு புதுப் பயிற்சின்னு சொன்னாரு" என்றாள்.

உன் முட்டிக்கு என்ன? எப்போதிலிருந்து?

இதைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு நடக்கிறேன். நீ இங்கே வந்து சேர்ந்ததும் வாங்கிப் படி. ஜான்சன் தபால் அலுவலகத்துக்குப் பதில் போடு. இந்த முறை மஞ்சள், பச்சை, முளை எதுவும் வேண்டாம்.

டோரீன்


ஜோன்ஸ்வில்
2 செப்டம்பர்

டோரீன்,

நேற்று செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தின விடுமுறை, தபால் அலுவலகம் பூட்டியிருந்தது. வாசல் படியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இன்று காலை உன் கடிதம் கிடைத்தது. எழுதிக் கிழித்தது இது நாலாவது தாள்.

ஏப்ரலில் நான் தீவனம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது தீவனத்துக்கு அல்ல. மாடுகளை விற்ற பிறகு எதற்குத் தீவனம்? நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருத்துவரிடம் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "வலது முட்டியில ஒண்ணும் மிச்சமில்ல. எலும்பும் எலும்பும் உரசுது. நூறு மைல் நடக்கலாம், நூத்தம்பது நடக்கலாம். இருநூத்து எழுபது நடக்க முடியாது" என்றார். நான் நூற்று எண்பது நடந்திருக்கிறேன். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு பையையும் கொட்டிப் பரணில் போட்டுவிட்டு, எனக்குச் சூடான துணியால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பாய். ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கமாட்டாய். இருபத்தாறு வருடம் அப்படித்தான் சொல்லாமல் இருந்தாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆகவே இரண்டு பட்டியல் போட்டேன். என் கால் நிற்கும்வரை 'இருவர்'. நின்றுபோனால் மிச்சத்தை நடக்கப்போகிற 'ஒருவர்' நீதான். உன் முதுகு எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியும், நீ பால் கேன் தூக்குவதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். இருபத்து நாலு பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ் மேலே போகக் கூடாது என்று மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறைத்தேன். டோரீன், நான் காப்பி குடிப்பதில்லை. அந்தப் பட்டியலில் ஒன்பது அவுன்ஸ் காப்பித்தூள் யாருக்கு என்று நீ நினைத்தாய்?

நான் கோழை என்பது உண்மை. உன்னைப் பாதி வழியில் நிறுத்திவிடுவேனோ என்ற பயத்தில் பொய் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டு முன்னால் போனபோது ஒரு பக்கம், சரி, இப்படியாவது போய்ச் சேருவாள் என்றுகூட இருந்தது. மற்றொரு பக்கம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மோசமாக இருந்தது.

ஜான்சன் கடைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். நான் சொன்ன அந்த ஒருவர் கூடாரம், மஞ்சள், உன் பெயரில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எல்லைக்கு ஐந்து நாள்தான். நீ போ. பக்கத்துப் பண்ணை வெண்டலிடம் சொல்லி அவன் வண்டியில் எல்லைச் சாலைக்கு வந்து, காட்டைவிட்டு நீ வெளியே வரும் இடத்தில் நிற்கிறேன்.

என் கால் இனி ஏறாது. நான் இங்கே தங்கும் விடுதியில் இருக்கிறேன்.

ஆரின்


ஜான்சன்
4 செப்டம்பர்

ஆரின்,

உன் கடிதத்தைத் தபால் அலுவலகத்து வாசலில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். தபால்காரம்மாள் வெளியே வந்து தண்ணீர் கொடுத்தார்.

எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா? நீ என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தாய் என்று நினைத்தபோது வந்ததைவிட அதிகமாக வந்தது. ஐந்து மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைத் தனியாக அனுப்புவதை நீ தனியாகவே முடிவு செய்துவிட்டாய், அதற்கு ஒரு தராசும் நோட்டும் போதுமாக இருந்திருக்கிறது. காப்பித்தூளை நான் அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உன்னுடையது.

கடைக்குப் போனேன். ஒரு பக்கம் மாட்டுத் தீவனம், ஒரு பக்கம் கூடாரம். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும், "நீங்கதானே கம்புக்காரம்மா? உங்க வீட்டுக்காரர் போன்ல இருபது நிமிஷம் பேசினாரு. முளை எத்தனை அவுன்ஸ்னு கேட்டாரு. நான் தீவனத் தராசுல வெச்சு நிறுத்துச் சொன்னேன். அப்புறம் 'அவளுக்குப் பயமா இருந்தா, விளக்கு ஒண்ணு கொடுங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு" என்றார்.

அந்த மஞ்சள் கூடாரத்தை எடுத்துக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் வாசல். தரைத்துணி நாலு விரல் மேலே மடிந்திருந்தது, அளந்து பார்த்தேன். இத்தனை நாளில் நான் கையில் எடுத்ததிலேயே நல்ல கூடாரம். அதைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆரின், நான் இருபத்தாறு வருடமாக ஆசைப்பட்டது கனடா எல்லையில் நட்டிருக்கும் கல்லைப் பார்க்க அல்ல. கல் நம் வயலிலேயே நிறைய இருக்கிறது. மாடு கத்தாத ஒரு இடத்தில், மணி பார்க்காமல், உன்னோடு ஒரு மாதம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நீ நடக்கலாம் என்றபோது சரி என்று சொன்னால் உனக்குப் புரியும் என்று நினைத்தேன். நீ எடையைத்தான் புரிந்துகொண்டாய்.

"உங்க கடையிலயே ரொம்பக் கனமான டென்ட் எது?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் தமாஷ் என்று நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் பின்னால் போய், ஒரு ஆளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி வந்தார்கள். காரில் வருகிற குடும்பங்களுக்காம். இரும்புக் கம்பு. நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், கையைத் தலைக்கு மேல் நீட்டிச் சட்டை மாற்றலாம். இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. திரையைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். தோட்டத்துச் சக்கரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஊருக்கு வெளியே லமோயில் ஆற்றங்கரையில், மேப்பிள் மரங்களுக்குக் கீழே அடித்திருக்கிறேன். அடிப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று, அந்த வழியாக வந்த மூன்று பேரின் உதவியும் வேண்டியிருந்தது.

முட்டி ஆறுகிறவரை இருக்கலாம். ஆறாவிட்டாலும் இருக்கலாம். மாலை நாலரைக்கு இங்கே யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று தெரியும். இதைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க முடியாது. அதனால்தான் வாங்கினேன். நான் எங்கும் போவதாக இல்லை.

டோரீன்


ஜோன்ஸ்வில்
5 செப்டம்பர்

டோரீன்,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த ரொட்டி வண்டிக்காரர் திரும்பக் கிளம்புகிறார், நின்றபடி எழுதுகிறேன். அவர் வண்டியில் முன்னிருக்கையில் நாய் இருக்கிறது, எனக்கு இடமில்லை. நாளைக் காலை பால் டேங்கர் லாரி ஜான்சன் வழியாகப் போகிறது, அதில் வருகிறேன்.

அந்தக் கூடாரம் எத்தனை பவுண்டு என்று நான் கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்.

ஆரின்